கேரட்டில் ஓடிய மஞ்சூர் பஸ்

ஞாயிறு ராத்திரி, குன்னூர்.

இதெல்லாம் நடக்கும்னு நான் முன்னாடியே சொன்னவன். அக்கா மகள் செல்வி கேரட்டிலும் உருளைக்கிழங்கிலும் கம்பி சொருகி ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்திருக்கிறாள். கேரட்டைத் தொட்டால் திரையில் மலைரோட்டில் போகும் மஞ்சூர் பஸ் இடதுபக்கம் திரும்பும், கிழங்கைத் தொட்டால் வலதுபக்கம். இன்றைக்குக் காலேஜ் கண்காட்சியில் வைத்தாள். ஒருத்தரும் கிட்டவே வரவில்லை.

"ஏனுங்க, ஷாக் அடிச்சா யாருங்க பொறுப்பு?" என்றார் ஒரு மப்ளர்க்காரர்.

யாரும் ஆடாத விளையாட்டைப் போட்டிக்கே எடுக்க மாட்டார்களாம். செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. விடுவேனா நான்?

"தள்ளுங்க எல்லாரும்! குந்தா பவர்ஹவுஸ் கரண்டையே கையில பிடிச்சவன் நான்!" என்று போய்க் கேரட்டை ஒரே அமுக்கு. பஸ் கொண்டை ஊசி வளைவில் சீறித் திரும்பியது. அப்புறம் பார்க்கணுமே கூட்டத்தை! வரிசை கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனது. நடுவரே மூன்று தடவை பஸ்ஸைப் பள்ளத்தில் விட்டார். இனி எவனாவது கேரட் விளையாட்டுன்னு கிண்டல் பண்ணட்டும், பார்க்கிறேன்.

தூக்கம் வரமாட்டேங்குது. முதலில் தொட்டது நான் இல்லை. நான் ஸ்வெட்டருக்குள் கையை விட்டுக்கொண்டு பின்னால் நின்றேன். தேயிலைக் கொழுந்து பறித்துக் கறுத்த விரலோடு அக்காதான் போய்த் தொட்டாள்.

"எம் புள்ள செஞ்சது என்னைய என்ன பண்ணிப்போடும்?" என்றாள்.

இருந்தாலும் நாளைக்கு டீக்கடையில் கேட்டால், தொட்டது நான்தான்.