எட்டுச் சுவிட்ச்

5.8.86, செவ்வாய்
நான் டைப்பிங் சொல்லிக்கொடுக்கும் வகுப்பின் ஹாஷிம் முதலாளி கொழும்பிலிருந்து கம்ப்யூட்டரை மாப்பிள்ளை மாதிரி காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். வரும் திங்கட்கிழமை கம்ப்யூட்டரின் முதல் வகுப்பு. அதற்குள் ஓட வைத்தால் நான்தான் டீச்சர். இல்லாவிட்டால் கொழும்பு ஆள் வருவார். டைப்பிங் படிக்க இனி யார் வரப்போகிறார்கள்? எனக்குத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடைதான்.

6.8.86
பெட்டியைத் திறந்து இரண்டாவது டிஸ்க் டிரைவைப் பூட்டினேன். உள்ளே பலகையில் அரிசி அளவில் எட்டுச் சுவிட்ச். திரை எந்த வகை, டிரைவ் எத்தனை, மெமரி எவ்வளவு – எல்லாவற்றையும் கரண்ட் கொடுப்பதற்கு முன்பே அவற்றில் வைத்துவிட வேண்டுமாம். புத்தகத்தில் படம் இல்லை; எத்தனையாவது சுவிட்ச் 'ஒன்', எத்தனையாவது 'ஓஃப்' என்ற பட்டியல் மட்டும். ஊசியால் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். கரண்ட் கொடுத்தேன். ஒரு நீளச் சத்தம், இரண்டு குட்டிச் சத்தம். திரை இருட்டு.

8.8.86
இன்றோடு ஏழு தடவை தள்ளிப் பார்த்தாயிற்று, அதே சத்தம்தான். முதலாளியின் மருமகன் ஷுக்ரி வந்து பார்த்தார். கொழும்பில் ரேடியோ திருத்தப் படித்தவர். "சுவிட்ச் எல்லாம் சரியாத்தான் இரிக்கி. மெஷின்தான் பழுது" என்றார். திருப்பி அனுப்பிவிடலாம் என்றார் முதலாளி. திங்கள் காலை வரை தவணை கேட்டு வாங்கியிருக்கிறேன்.

9.8.86
பழுதாம். நான் நம்பவில்லை. விடவும் மாட்டேன்.

10.8.86, ஞாயிறு, லுணுகலை
கோயில் பூசை முடிந்து, லயத்தில் எங்கள் வீட்டுக்குப் போனேன். அப்பா தேயிலை பெக்டரியில் மெஷின் ஓட்டுகிறவர். எல்லாம் சொன்னேன். சுவிட்சை எந்தப் பக்கம் தள்ளினாய் என்று கேட்டார். 'ஒன்' என்றால் கீழே, வீட்டுச் சுவிட்ச் மாதிரி என்றேன்.

"நம்ம வீட்டுல ஏதும்மா சுவிட்ச்சு?" என்று சிரித்தார். "பெக்டரியில கைப்பிடிய மேல தூக்குனாத்தான் மெஷின் ஓடும்."

எனக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது வயது வரை சுவிட்சைத் தொட்டதே இல்லை. பதுளையில் தங்கியிருக்கும் போடிங்கில் நாலு வருஷம் லைட் போட்டதில், கீழேதான் 'ஒன்' என்று என் கையே முடிவு செய்துவிட்டது! ஷுக்ரியின் கையும் அதே பழக்கம்தான். வெட்கமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது.

11.8.86, திங்கள்
முதல் பஸ். முதலாளியின் டோர்ச்சை வாங்கி உள்ளே அடித்துப் பார்த்தேன். சுவிட்சுகளின் மேல் ஓரத்தில், கடுகை விடச் சின்னதாக, 'ஒன்' என்று அச்சடித்திருக்கிறது. எட்டையும் மாற்றினேன். மூடியைப் பூட்டிக் கரண்ட் கொடுத்தேன். ஒரே ஒரு குட்டிச் சத்தம். திரையில் பச்சை எழுத்து.

முதலாளி தன் நாற்காலியைத் தூக்கி வந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் எனக்குப் போட்டார்.

வகுப்பு முடிந்ததும் அப்பாவுக்குத் தபாலட்டை போட்டேன். ஒரே வார்த்தை: மேலேதான். அதற்குக் கீழே, றோசாலி, கம்ப்யூட்டர் டீச்சர்.