அம்மாவின் கல்யாணப் படத்தில் நீலம்

அப்பா,

சாளைக் குழம்பு அடுப்புல இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடுங்க. நான் ஹார்பர் வேலைக்குக் கிளம்புதேன்.

நேத்து, அம்மா முகம் நீலமா இருக்கு, ஸ்கேனர் கெட்டுப்போச்சுன்னு சத்தம் போட்டீங்க. ஸ்கேனர் நல்லாத்தான் இருக்கு. கல்யாணச் சேலை வெள்ளைன்னு நீங்க சொன்னீங்க. அதை நம்பி, நெகட்டிவை ஸ்கேன் பண்ணிச் சேலையை வெள்ளையாக்கினேன். சேலையில இருந்த மஞ்சளைக் கம்ப்யூட்டர் எடுக்கப்போய், மொத்தப் படமும் நீலமாயிட்டு.

இன்னைக்குப் படத்துல நிக்கிற பாஸ்டரோட வெள்ளை அங்கியை வச்சுத் திருத்தினேன். சேலை சந்தன கலராச்சு. பீரோவுல இருக்கிற சேலையும் அதே கலர்தான்.

முகமும் அம்மா முகமாயிட்டு. ஆனா கண்ணு ரெண்டும் சிவந்திருக்கு. பக்கத்துல நிக்கிற உங்க கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு, அதனால இது படத்தோட கோளாறு இல்ல. காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளல.

அம்மாவோட முதல் வருஷ நினைவு ஜெபத்துக்குப் படம் வாங்க, அம்மாகூடப் பிறந்த தேவபிரியம் மாமா நாலு மணிக்கு வாராங்க. பென் டிரைவ் டிவி பக்கத்துல இருக்கு.

சுகிர்தா

வெளிய போனா சாவியை எதிர்வீட்டுல கொடுங்க.

அந்தச் சிவப்பை எடுக்க அரை நிமிஷம் போதும், எனக்கு மனசு வரல. அம்மா ஏன் அழுதாங்கன்னு மாமாகிட்ட கேக்க மாட்டேன். நீங்களே சொல்லுங்க.