இறுக்கி மூடிய டப்பா

இன்று மதியம் என் சாம்பார் சாதம் டப்பாவுக்குள் சிறைப்பட்டுவிட்டது அக்கா. சூட்டோடு மூடியதால் திருகுமூடி கவ்விக்கொண்டது. பழக்கத்தில் இடப்பக்கம் நீட்டினேன். அங்கே நீ இல்லை. பேக்கிங் அட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

நம் காக்களூர் கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்தால் எல்லோர் டப்பாவும் உன் மடிக்குத்தான் வரும். முந்தானையால் பிடித்து ஒரே திருகு. "கையாக்கா இது, ஸ்பானரா?" என்பேன்.

"உன் வாய்க்கு ஒரு மூடி இருந்தா இறுக்கி வுட்டிருப்பேன்டி" என்பாய்.

பிறகு ஒருநாள் உன் டப்பாவையே என் பக்கம் தள்ளினாய். "நீயே தொறடி. கை ஓயுது."

மகாராணிக்கு வேலைக்காரி வேணுமாம் என்று நான் ராகம் போட, கூட்டமே சிரித்தது. நீயும்தான். ஜாக்கெட் தொளதொளத்தபோது, இளைத்து அழகாகிவிட்டாய் என்றோம். வயசானால் இப்படித்தான் என்று நீயும் நினைத்தாய், நாங்களும் நினைத்தோம்.

திடீரென்று ஒரு காலையில் உன் கால் மரத்து, ஐஸ் மாதிரி சில்லிட்டு, நீலம் பாய்ந்தது. சென்னைக்கு ஓடினோம். ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்திருந்தது. உடனே ஆபரேஷன் என்றார்கள். டாக்டரம்மா என்னிடம் கேட்டார்: "இதுக்கு முன்னாடி எப்படி இருந்தாங்க? எடை குறைஞ்சுதா? படி ஏறுவாங்களா?" நான் டப்பா மூடியைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அடைப்பை எடுத்துடுவோம்மா. அப்புறம் தேறி வர்றதுக்குத் தெம்பு வேணும். அது இவங்ககிட்ட கொஞ்சம்தான் இருக்கு."

கால் பிழைத்தது. உள்ளங்கால் வெதுவெதுத்ததைத் தொட்டுப் பார்த்து நான் வார்டிலேயே குதித்தேன். எழுந்து நிற்கத்தான் உன் உடம்பு ஒத்துழைக்கவில்லை. கஞ்சி கொண்டுவந்த அன்று, உனக்காக மூடியைத் தளர்த்தி வைத்திருந்தேன். கண்டுபிடித்துவிட்டாய்.

"இன்னாடி, என்னை நோயாளின்னே முடிவு பண்ணிட்டியா? இறுக்கி மூடிக் குடு."

இறுக்கினேன். முந்தானைக்குப் பதில் போர்வை நுனியால் பிடித்துத் திருகினாய். அசையவில்லை.

"பசை தடவி எடுத்தாந்தியாடி?"

சிரித்துச் சிரித்து இருவர் கண்ணிலும் தண்ணீர். "ஊட்டுக்கு வந்து தொறக்கிறேன் பாரு" என்று சவால் விட்டாய். ஆனால் நெஞ்சில் சளி கட்டியது. தாங்க உன்னிடம் தெம்பு இல்லை. வீட்டுக்கு வராமலே போய்விட்டாய்.

இப்போது டப்பாக்கள் என்னிடம் வருகின்றன அக்கா. எப்போதும் தானே திறக்கிற எவளாவது நீட்டினால், கேலி நாக்கு நுனிக்கு வந்துவிடுகிறது. அதைச் சொல்லிவிட்டு, "ஒயுங்கா சாப்புடுறியாடி? வா, டாக்டராண்ட காட்டிக்கினு வரலாம்" என்றும் சொல்கிறேன்.

என் டப்பாவை மட்டும் இன்னும் இறுக்கித்தான் மூடுகிறேன். உன் சவால் அப்படியே நிற்கிறதே.