செத்த சொல்லும் இரு கதவுக்கு நடுவே நிற்கும் பூதனும்

வாழ்க செழுமை, ஓங்குக நீதி. கழியும் கடலும் காவலாக ஆம்பல் நாட்டை ஆள்பவரும், உப்பளத்தார்க்கும் உழவர்க்கும் ஒருபோல நிழலானவருமாகிய அரசியார் செழுமாதேவியார் திருமுன்புக்கு, மேகம் வாசல்படியில் வந்து தங்கும் மஞ்சுமலைக் கோட்டையுடையாள் வெண்ணி நங்கையார் விடுக்கும் ஓலை. தேவியாரும் அவர்தம் சுற்றமும் நலமே வாழ்க. ஆம்பல் நாட்டுக் கிணறுகள் ஊறுக, தொட்டில்கள் நிறைக. இங்கே கோட்டையிலும் அனைவரும் நலம், ஒருவன் நீங்கலாக. அந்த ஒருவனைப் பற்றியதே இவ்வோலை.

அவன் பெயர் பூதன். ஆம்பல் நாட்டின் கரைவாய் என்னும் ஊரைச் சேர்ந்த சுமைகாரன். தேவியாருக்கு அவனைத் தெரிந்திருக்க வழியில்லை. ஆண்டாண்டுகளாக அவன் ஏறி வந்துபோகும் இந்தக் கோட்டைக்கும் அவனைத் தெரியாது, தொல்லையே அதுதான்.

சமவெளியில் வெள்ளமும் தீயும் கொள்ளையும் உண்டென்பதால், பல நாட்டாரும் தம் விதைநெல்லையும் மருந்தையும் படைக்கலங்களையும் இம்மலைமேல் மேகத்துக்குள் வைத்து, வேண்டும்போது ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வது தேவியார் அறிந்ததே. வாயிலுக்குக் கதவு இரண்டு. வருபவன் நுழைந்ததும் வெளிக்கதவு சாத்தப்படும். சுவரில் உள்ள செவித்துளையில் அவன் தன் நாட்டின் மறைச்சொல்லைக் கிசுகிசுப்பான். சொல் சரியானால் உட்கதவு திறக்கும். முகம் பார்ப்பதில்லை, பெயர் கேட்பதில்லை. முகம் பார்த்தால் காவலர்கள் வேண்டியவன் வேண்டாதவன் என்று பார்ப்பார்கள் என அஞ்சி முன்னோர் வைத்த முறை அது. முன்னோர் நல்லவர்கள்தான். ஆனால் கிசுகிசுக்கும்போது எல்லார் குரலும் ஒரே குரல்தான் என்பது அந்தப் புண்ணியவான்களுக்குத் தோன்றவே இல்லை.

அடுத்து ஆம்பல் நாட்டார் செய்த காரியம். சொன்னால் தேவியார் கோபிக்கக் கூடாது. சுமைகாரர்கள் மறதிக்காரர்கள் என்று அங்கே யாரோ ஓர் அதிகாரி முடிவு கட்டி, மறைச்சொல்லை அவர்கள் தலைப்பாகைக் கரையிலேயே நெய்து கொடுத்துவிட்டார். அடடா, என்ன கெட்டிக்காரத்தனம்! தலைப்பாகை வெளுக்கப் போகும், கொடியில் காயும், நைந்தால் அடுப்படிக் கந்தையாகும், பிள்ளைக்குத் தூளியாகும். கரைவாய்ப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படித்துப் பழகியதே அந்தக் கரையைப் பார்த்துத்தான் என்று பூதன் சொல்கிறான். போதாததற்கு, மருந்தறைக்கும் அதே சொல், படைக்கல அறைக்கும் அதே சொல்.

நடக்கவேண்டியது நடந்தது. எவனோ ஒருவன் அந்தக் கந்தையில் ஒன்றைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தான், துளையில் சொன்னான், உட்கதவு திறந்தது, காய்ச்சலுக்குக் கஷாயம் வைக்கும் மரப்பட்டை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அடிவாரச் சந்தைக்கு மிளகு வாங்கப் போன கோட்டை மடைப்பள்ளிக்காரி, ஆம்பல் நாட்டு முத்திரையோடு அந்த மூட்டை கூவி விற்கப்படுவதைப் பார்த்து மூச்சிரைக்க ஓடிவந்து சொன்ன பிறகே எங்களுக்கு விடிந்தது. அன்றே ஆம்பல் நாட்டுச் சொல் செத்ததென்று அறிவித்தோம். அறிவிப்போடு எம் ஆள் ஆற்றுவழியே இறங்கிக்கொண்டிருந்தபோது, பூதன் காட்டுவழியே ஏறிக்கொண்டிருந்தான்.

அவன் வந்தான். வெளிக்கதவு முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. சொல்லைச் சொன்னான். உட்கதவு அசையவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது போலும் என்று எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடி சொன்னான். பிறகு மறைச்சொல் என்பதையும் மறந்து உரக்கக் கத்தினான். திரும்பி வெளிக்கதவைத் தள்ளினான், அதுவும் அசையவில்லை. செத்த சொல்லைச் சொன்னவனை உள்ளேயும் விடலாகாது, வெளியேயும் விடலாகாது. அவனை நேரில் அறிந்த ஒருவரை அவன் நாட்டு ஆட்சியாளர் அனுப்பி அடையாளம் காட்டும்வரை நடுவிலேயே வைக்கவேண்டும் என்பது தேவியாரின் முன்னோரும் கோட்டையாரும் சேர்ந்து இட்ட உடன்படிக்கை. அதை வாயில் காக்கும் கொற்றன் துளைவழியே எடுத்துச் சொன்னபோது பூதன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஐயா, நான் பூதன். கரைவாய்க்காரன். எத்தனை தடவை இங்க வந்திருக்கேன்! இந்தத் துளைக்கு மேல இருக்கற கல்லப் பாருங்க, என் நெத்தி பட்டுப் பட்டு வழவழன்னு ஆயிடுச்சு."

"எல்லா நாட்டுக்காரன் நெத்தியும் பட்டதுதானப்பா அது" என்றான் கொற்றன்.

பாவம், அவன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். மருந்தறைக்குப் போகும் வழியைச் சொன்னான், அது அந்தத் திருடனுக்கும் தெரியும். தன் தெருவில் உள்ளவர் பெயரையெல்லாம் ஒப்பித்தான், அவர்களை இங்கே யாருக்குத் தெரியும்? தலைப்பாகையைக் கழற்றித் துளைவழியே திணித்தான், அதைத்தான் ஊரெல்லாம் வைத்திருக்கிறதே. உண்மையைச் சொல்லச் சொல்ல அது பொய்யன் சொல்வதுபோலவே கேட்பதை அவனே உணர்ந்தான். அதற்குப் பிறகு அவனுக்கு வந்தது கோபம்.

"பேரு கேட்டீங்களா, ஊரு கேட்டீங்களா, ஒரு நாளாவது மூஞ்சியப் பார்த்தீங்களா? இன்னைக்கு மட்டும் நீ யாருன்னு கேக்கறீங்களே, அடுக்குமா? ஊரே காய்ச்சல்ல கொதிச்சுக் கிடக்கு. என் மருதி பாயை விட்டு எழுந்திரிக்க முடியாமக் கிடக்கா. சீக்கிரம் வந்துடுன்னு சொல்லித்தான் அனுப்பினா. நான் இங்க கல்லோட பேசிக்கிட்டிருக்கேன்!"

மருதி என்பவள் அவன் மனைவி. இதைக் கேட்டுக் கோட்டையுடையார் வெண்ணி நங்கையாரே இறங்கி வந்து செவித்துளையருகே நின்றார். அவர் நெஞ்சு கனத்தது உண்மை. திறக்கவில்லை என்பதும் உண்மை. இரக்கப்பட்டு இன்று திறந்தால், நாளை வரும் திருடன் இவனைவிட நன்றாக அழுவான். உள்ளே இருப்பதோ ஆம்பல் நாட்டுப் பொருள் மட்டுமன்று. ஆக, கதவுக்கு அந்தப் பக்கம் அவனும் இந்தப் பக்கம் கோட்டையும் ஒரே முறைக்குள் மாட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தோம்.

பூதனை அறிந்த ஒருவரை அனுப்பக் கேட்டு ஆம்பல் நாட்டுக்கு முன்பே ஆள் விட்டிருந்தோம், அதன்பேரில் தேவியாரின் அமைச்சர் அனுப்பிய ஆள் அப்போதுதான் வந்து சேர்ந்தான். பூதன் எம்மவனே என்று உறுதி கூற வந்தவனாம். நீ யார், உன்னை யார் அறிவார் என்று வெளிக்கதவுக்கு வெளியேயே நிறுத்திக் கேட்டதற்கு, அந்த மகராசன் வாயெடுத்துச் சொன்னது அதே செத்த சொல்! வேறு சொல் கைவசம் இல்லாததால் அமைச்சர் அதையே கொடுத்தனுப்பினாராம். கொற்றன் தலையில் அடித்துக்கொண்டான். கதவின் உட்பக்கம் காதை வைத்துக்கொண்டிருந்த பூதனுக்கோ உயிர் வந்ததுபோல் ஆயிற்று.

"அண்ணே, நான் பூதன்! என்னைத் தெரியும்னு சொல்லுங்கண்ணே!"

வந்தவன் நேர்மையானவன். "உன்னை நான் பார்த்ததே இல்லையேப்பா" என்றான்.

அவனைத் திருப்பி அனுப்பினோம். பூதன் கதவைவிட்டு விலகிப்போய்ச் சுவரோரம் உட்கார்ந்தான். கொற்றன் தள்ளிய கஞ்சியையும் தொடவில்லை. பிறகு துளையருகே வந்து, கத்தாமல், கெஞ்சாமல், பக்கத்து வீட்டாரிடம் பேசுவதுபோலக் கோட்டையுடையாரிடம் சொன்னான்.

"என்னை விட வேண்டாம், தாயே. நம்பவும் வேண்டாம். பட்டை எங்க நாட்டுதுதானே? உங்க ஆளுங்க கையிலேயே குடுத்து கரைவாய்க்கு அனுப்பிடுங்க. நான் திருடனாவே இருந்தாலும் அதுல எனக்கு என்ன கிடைக்கப் போவுது?"

எல்லாரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்ததால் இவ்வளவு எளிய வழி ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த நாழிகையிலேயே கோட்டைச் சுமைகாரர்கள் பட்டை மூட்டைகளோடு ஓட்டமும் நடையுமாக இறங்கினார்கள்.

இனி தேவியார் திருவுள்ளம் கொள்ளவேண்டியது. ஆம்பல் நாட்டுக்கு இன்றுமுதல் மறைச்சொல் கிடையாது. புதிதாக ஒன்று கேட்கவும் வேண்டாம், அதுவும் ஒருநாள் கொடியில் காயும். மலையடிவாரத்தில் ஆம்பல் நாட்டார் ஒரு சாவடி அமைத்து, தம் சுமைகாரர் ஒவ்வொருவரையும் முகம் அறிந்த ஒருவரை அங்கே இருத்துக. அவரைக் கோட்டையார் நேரில் கண்டு அறிந்து வைப்போம். மலையேறுபவன் மணிக்கட்டில் அவர் நார்க்காப்புக் கட்டி, பச்சைக் களிமண்ணில் முத்திரை பதிப்பார். இன்னார், இந்த ஓர் அறைக்கு, இதை எடுக்க என்பதே அதில் இருக்கும். பட்டை எடுக்க வந்தவனுக்குப் படைக்கல அறை திறவாது. வெயில் ஏற ஏற மண் காய்ந்து வெடித்துவிடும், கழற்றினாலும் உடைந்துவிடும். திருடிக்கொண்டு போனால் திருடனுக்கு மிஞ்சுவது மண்தூள். அடுத்த முறைக்கு அடுத்த முத்திரை. எவனும் எதையும் மனத்தில் சுமக்க வேண்டியதில்லை, துணியிலும் சுமக்க வேண்டியதில்லை. செவித்துளையைக் கோட்டையாரும் அடைத்துவிட்டு, முகம் பார்க்கும் அளவுக்குச் சாளரம் திறக்கிறோம். பிழை ஒரு பக்கத்தது மட்டுமன்று என்பதைக் கோட்டையுடையார் ஒப்புக்கொள்கிறார்.

அதெல்லாம் பின்னாளுக்கு. பூதன் இன்னும் நடுவிலேயே இருக்கிறான்.

இறங்கிய சுமைகாரர்கள் நேற்றுத் திரும்பி வந்தார்கள். பட்டை கரைவாய்க்குப் போய்ச் சேர்ந்தது. கஷாயம் குடித்தவர்கள் வியர்த்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்களாம், தெருவில் மறுபடி அடுப்புப் புகைகிறதாம். சேர்ந்ததா என்று பூதன் கேட்டான். சேர்ந்தது என்று கொற்றன் சொன்னான். அதற்கு அவன் சிரித்த சிரிப்பை உட்கதவுக்கு இப்புறம் நின்ற அனைவரும் கேட்டோம். அதுவரை பேருக்குத் தொட்டு வைத்த கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தான். மருதிக்குக் கசப்பு ஆகாது, மூஞ்சியைச் சுளித்துக்கொண்டுதான் குடித்திருப்பாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

மருதி குடிக்கவில்லை. சுமைகாரர்கள் ஊர் எல்லையை மிதித்தபோது ஊரார் அவளைப் பாடையில் எடுத்துக்கொண்டு எதிரே வந்தார்கள். அமைச்சரின் ஆளுக்காகக் காத்து நாங்கள் இழந்த பொழுதே அவள் உயிரைக் கொண்டுபோயிருக்கிறது. மூச்சு விடக்கூடாது என்று கோட்டை முழுவதற்கும் கட்டளை இட்டிருக்கிறோம். அவன் கேட்கும்போதெல்லாம் கொற்றன் பேச்சை மாற்றுகிறான், அவனாலும் இனி முடியாது.

ஆகவே இவ்வோலையைக் கொற்றனே கொண்டுவருகிறான். மருதியின் தமையன் ஒருவன் கரைவாயில் பிழைத்திருக்கிறான் என்று கேள்வி. தேவியார் அவனைத் திருமுன்பு அழைத்து, கொற்றன் கண்காண இவனே என்று காட்டிக் கையோடு கூட்டி அனுப்புக. அவன் வந்து பூதனைப் பெயர் சொல்லி அழைத்தால் கதவு இரண்டும் திறக்கும். பூதனைத் தெரிந்தவர் வரவேண்டியது கதவு திறப்பதற்காக மட்டுமன்று. அந்தச் செய்தியைச் சுவரில் உள்ள ஓட்டைவழியே ஒருவனுக்குச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

மலை நிற்கும்வரை நட்பு நிற்க. இது வெண்ணி நங்கையார் சொல், அவர்தம் கைப்பட இட்ட முத்திரை. கொற்றன் எங்கும் தங்காமல் செல்க, துணையோடு மீள்க.