ஐஸ் அறையில் பிளந்த பலகை

8-12-1953, செவ்வாய்

பனிமலைப் பட்டாளக் குடில்களுக்காகத் தென்னை நாரும் சிமெண்டும் சேர்த்து நாங்கள் செய்த சுவர்ப்பலகைகளில் ஒன்றை, நேற்று ஐஸ் கம்பெனியின் குளிர் அறையில் வைத்தோம். காலையில் போய்ப் பார்த்தால் குறுக்கே பிளந்து கிடக்கிறது. சிமெண்டு என்றால் நனைத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் ஊறிப்போன பழக்கம். நாங்களும் கடைசி நாள்வரை தண்ணீர் ஊற்றினோம். நார் குடித்த தண்ணீர் உறைந்து, பருத்து, பலகையை உடைத்துவிட்டது.

மலையாளி மேலதிகாரியிடம் ஓடினேன். எல்லாவற்றையும் காயவைத்து மறுபடி சோதிக்கவேண்டும் என்றேன்.

"பலகை முழுக்க இன்னலே வண்டி கேறியாச்சல்லோ," என்றார். "இனி மிண்டாதே. நீயும் கூடப் போ. ஒரு பனிக்காலம் அதுக்குள்ளே தாமசிச்சுப் பாரு."

பலகையெல்லாம் நேற்றே வண்டி ஏறிவிட்டதாம்; வாயைத் திறக்காமல் நானும் போய் ஒரு பனிக்காலம் அந்தக் குடிலில் குடியிருக்கவேண்டுமாம். மாட்டேன் என்றால் வேலை போய்விடும். போனால்...

சேதி எனக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. என் மனைவி பாக்கியம் யாரிடமோ கேட்டுக் கம்பளி மப்ளர் வாங்கி வைத்திருந்தாள். என் கழுத்தில் சுற்றி அழகு பார்த்தாள்.

"உங்க பலகைதானே, குளிரு உள்ள வராதுல்லா?"

"வராது," என்றேன்.

இந்தப் புழுக்கத்திலும் மப்ளரை இன்னும் கழற்றவில்லை. கழுத்தெல்லாம் ஈரம். அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள்.