கார்டில் இடமில்லை

அக்கா, காலையில் பேத்தியின் போன் நிறைந்துவிட்டது. ஒரகடத்துக்கு வேலைக்குப் போகிறவள், கம்பெனி பஸ் வருவதற்குள் தன் குழந்தையைப் படம் பிடிக்கப் பார்த்தாள். இடமில்லை என்றது. "எத அழிக்கட்டும் பாட்டி?" என்று என்னைக் கேட்டாள். உன் நினைப்பு வந்தது. நல்ல நினைப்பு என்று எண்ணிக்கொள்ளாதே.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வாசலில் வாழ்ந்தவர்கள் நாம். சுங்குவார்சத்திரத்துக் கம்பெனியில் சேர்ந்ததும் உன் மகன் உனக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தான். உள்ளே நகம் அளவுக்கு ஒரு கார்டு. வருங்காலத்தில் இதற்குள் ஊரையே வைத்துவிடலாம் என்று அவன் சொன்னதைத் தெருவெல்லாம் சொன்னாய். ஊர் ஏறவில்லை; என் ஏச்சுதான் ஏறியது. குழாயடியில் நான் கத்தினால் போனை நீட்டுவாய். "பேசு சின்னவளே, எல்லாம் இதுல ஏறிக்கினு கீது." நீ பேசியது மட்டும் அதில் இருக்காது. என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் போட்டுக் காட்டினாயே, மறப்பேனா?

அந்தக் கார்டில் முதலில் ஏறியது உன் புருஷன் குரல். ஆஸ்பத்திரியில் நீ வெந்நீர் வாங்கப் போயிருந்தபோது பேசினார். உன் மகன் போனைப் பிடித்தான். நான் கால்மாட்டில் நின்றேன். அவர் போன பிறகு ஒரே முறைதான் கேட்டாய். மறுபடி கேட்டால் தாங்காது என்றாய். பத்திரமாக இருக்கிறதே என்ற தைரியம்.

பிறகொரு நாள், குழாயடிச் சண்டை நடுவில் கார்டு நிறைந்துவிட்டது. என் பேச்சில் ஒரு சொல் தப்பிவிடுமோ என்று உனக்குப் பதைப்பு. மாடியில் வாடகைக்கு இருந்த திருநெல்வேலிப் பெண்ணிடம் போனைத் திணித்தாய்.

"ஆச்சி, முதல்ல கெடக்கத அழிச்சிரட்டா?"

"அழிடி, சீக்கிரம்."

முதலில் இருப்பது எதுவென்று எனக்குத் தெரியும். நான் வாயை மூடவில்லை. நீ யோசித்துவிடக் கூடாதென்று, உன் பிறந்த வீட்டையும் இழுத்து இன்னும் உரக்கத் திட்டினேன்.

நீ படுக்கையில் விழுந்த பிறகு, கார்டில் அவர் குரலைத் தேடிக் காணாமல், ஒரு முறை கேட்டதும் மறந்துபோய், அவர் என்ன சொன்னாரென்று மகனைக் கேட்டாய். ஷிஃப்ட் முடித்து வந்தவன், "இன்னாவோ சொன்னாரும்மா" என்று சுருண்டு படுத்துவிட்டான். அப்புறம் என் கையைப் பிடித்தாய்.

"நீ இருந்தியேடி. உனக்குத்தான் எதுவும் மறக்காதே."

"கார்டுல கேளுக்கா" என்றேன்.

இன்னும் பெரிய கார்டு வருமாம், பேத்தி சொல்கிறாள். வரட்டும். எவ்வளவு பெரிதானாலும் ஒரு நாள் நிறையும். அன்றைக்கும் எதை அழிப்பதென்று ஒரு மனுஷியைத்தான் கேட்கும். என்னிடம் அந்தக் கேள்வியே இல்லை. நீ கேட்டது அவருடைய இருமலோடு அப்படியே இருக்கிறது: "நீ இருட்டுக்குப் பயப்படுவே. நான் இல்லன்னாலும் வெளக்க அணைக்காம படு."

கடைசி நாட்களில், பொழுது சாய்ந்ததும் உன் அறை விளக்கை அணைத்தது மருமகள் என்று நினைத்து அவளைத் திட்டித் தீர்த்தாய். அது நான்.