இவருக்குப் பதிலாகப் போகிறவன்

என் ஆசை அண்ணாத்தே,

நீ போனபிறகு உனக்கு ஒரு வரி எழுதினதில்லை. இப்போது எழுதவேண்டியிருக்கிறது. உன் மருமகனுக்கு ஒரு வயது முடிந்துவிட்டது. ஆவடி குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறோம். நீ இருந்த அதே ஒர்க்‌ஷாப்பில்தான் இவருக்கும் வேலை.

ராணுவ உடை போடாத மெக்கானிக்கானாலும் எல்லைக்குக் கூப்பிட்டால் போயே ஆகவேண்டும் என்பது உனக்குத் தெரியாததா? போன மாசம் இவர் பெயர் வந்தது. ராஜஸ்தானில் டாங்க் ரிப்பேர். குழந்தைக்கு அப்போது ஓயாத வீசிங், ஏரிக்காற்று பட்டாலே நெஞ்சு இழுக்கும். விலக்குக் கேளுங்கள் என்று இவரை நச்சரித்தது நான்தான். கிடைத்தது.

விலக்கு என்றால் யாருமே போகவேண்டாம் என்றா அர்த்தம்? அடுத்த பெயர் செல்வம். கல்யாணமாகாத பையன், கள்ளிக்குப்பத்தில் அம்மா மட்டும்தான்.

நேற்று மார்க்கெட்டில் அந்தம்மா எதிரே வந்துவிட்டாங்க.

"இன்னாம்மா, புள்ளைக்கு மூச்சு வாங்கறது நின்னுச்சா?"

"பரவாயில்லம்மா. செல்வம்..."

"அவன் கெடக்கறான். ஒட்டகம் பாக்கப் போறானாம் தொர. ஊட்ல துன்னுட்டுத் தூங்கறதுக்கு அதுவாச்சும் பாக்கட்டும். நீ புள்ளையப் பாரு."

சிரித்தபடிதான் சொன்னாங்க. ஆனால் எடுத்த கத்திரிக்காயைக் கூடையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாங்க.

நீயும் இப்படித்தானே பேசினாய்? பொண்டாட்டி மாசமாக இருக்கிறாள் என்று உன்கூட வேலை பார்த்த தாஸுக்கு விலக்குக் கொடுத்து உன்னை அனுப்பினபோது, "எனக்கின்னா பாப்பா, பொண்டாட்டியா புள்ளையா, போய்ட்டு வந்துர்றேன்" என்றாய். ஒண்டிக்கட்டை என்றால் யாருமில்லாதவனா? நான் உனக்கு யார்? நீ போன லாரி கவிழ்ந்த சேதி வந்த அன்று தாஸ் நம் வாசலில் நின்று அழுதார். அவர்மேல் தப்பில்லை என்று தெரியும். தெரிந்து என்ன?

குழந்தை தேறிவிட்டான். இழுப்பு இல்லை. இன்றைக்குக் காலையில் இவர் மெதுவாகக் கேட்டார்: "புள்ளைக்குதான் சரியாயிடுச்சே. நானே போறேன்னு சொல்லிடட்டுமா மீனா?" நான் ஸ்டவ்வைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். இவர் நல்லபடியாகத் திரும்பி வருவார்தானே, அண்ணாத்தே? உன்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்பேன்?

செல்வத்துக்கு வர்ற வாரம் ரயில். என் பயம் போகட்டும் என்று காத்திருந்தால் ரயில் போய்விடும். நாளைக்கு இவரிடம் "போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிடுவேன். கள்ளிக்குப்பத்துக்கும் நானே போய், உங்க பையன் ஊட்லயே இருக்கட்டும்மா என்று சொல்லிவிட்டு வருவேன்.

உனக்கென்று இருந்த ஒருத்தி,
உன் தங்கச்சி மீனா